எல்லா மிஷினுக்கும் ஓய்வு

சுவரில் நீலக் கண்ணாடி ஒட்டிவிட்டால் அது ஆராய்ச்சி மையமாகிவிடும் என்று நம்புகிறவர்களோடு நான் ஒரு வருடம் வேலை பார்த்தேன். என் பெயர் ஆரிபா. பழவேற்காட்டில் வாப்பாவுக்கு மளிகைக் கடை. லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்துவிட்டு, பொன்னேரி வரை பஸ்ஸிலும் அங்கிருந்து மின்சார ரயிலிலும் கும்மிடிப்பூண்டிக்குப் போய், சிப்காட் தொழிற்பேட்டைத் தொழிலாளர்களின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது என் வேலையாக இருந்தது. எனக்கு வாய் நீளம் என்று வீட்டில் சொல்வார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள்.

முதலில் அந்தக் கட்டடம். பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கிற ஈயத்தை உலையில் உருக்கிக் கட்டியாக வார்க்கிற ஷெட்டாக இருந்தது அது. முதலாளியை எல்லோரும் சேர்மன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் இரண்டு தெரு தள்ளிப் பெரிய ஷெட் கட்டி உலைகளை அங்கே கொண்டுபோய்விட்டார். பழையது காலியாகக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து, அவரிடம் ஈயம் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, உங்கள் தொழிலாளர்களின் உடம்புக்காக என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டது. சேர்மன் யோசித்தார். உலையின் புகைபோக்கியைச் சரி செய்யலாம், ஆட்களுக்கு நல்ல முகமூடி வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் அதெல்லாம் போட்டோவில் எடுப்பாக இருக்காது. அதனால் ஒரு டிரஸ்ட் ஆரம்பித்து, அந்தப் பழைய ஷெட்டையே தொழிலாளர் நல்வாழ்வு ஆராய்ச்சி மையமாக மாற்றுவது என்று முடிவு செய்தார். எந்தக் கூரையின் கீழே ஆட்களின் உடம்பில் ஈயம் ஏறியதோ, அதே கூரையின் கீழே அவர்களை உட்கார வைத்து, ஏறியிருக்கிறதா என்று பார்க்கிற மையம். இதற்கெல்லாம் ஒரு தனி நெஞ்சழுத்தம் வேண்டும்.

புதுப்பித்த லட்சணத்தையும் நான் கண்ணால் பார்த்தேன். வருடக்கணக்காகக் கரி படிந்த சுவர்களை நாலைந்து பேர் முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு சுரண்டினார்கள். சுரண்டி விழுந்தது முழுக்க ஈயத்தூள். அதைக் கூட்டிப் பின்பக்கம் கொட்டி, மேலே செம்மண் பரப்பிப் புல்தரை வளர்த்தார்கள். பழைய தரையைப் பெயர்க்கவில்லை. அதன் மேலேயே வெள்ளை டைல்ஸ் ஒட்டினார்கள். பிறகு வாஸ்து பார்க்கிறவர் ஒருவர் திசைகாட்டியோடு வந்து, சாலையைப் பார்த்த வாசல் ஆகாது என்றார். அதை அடைத்துவிட்டுப் பக்கவாட்டில் வேறு வாசல் வைத்தார்கள். நடக்க முடியாமல் வருகிறவன் இனிமேல் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு உள்ளே நுழையலாம். ஈசானிய மூலையில் தண்ணீர் இருந்தே ஆக வேண்டும் என்றார். நீரூற்று வந்தது. ஜெனரேட்டருக்கு ஒதுக்கிய இடத்தில்தான் அது வந்தது.

"ஜெனரேட்டர் நெக்ஸ்ட் ஃபேஸ்ல பாத்துக்கலாம். ஃபவுன்டன் ரொம்ப எலிகன்ட்டா இருக்கு சார்" என்றார் டாக்டர் இளமதி. அவர்தான் மையத்தின் இயக்குநர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிய டாக்டர். சென்னையிலிருந்து காரில் வருவார். அவர் ஒன்றும் தெரியாதவர் இல்லை. எல்லாம் தெரிந்தவர். ஆனால் எதைச் சொல்வதற்கு முன்பும் சேர்மன் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வார். அந்த முகத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் அன்றைக்கு விஞ்ஞானம்.

ரத்தத்தில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று அளக்கிற இயந்திரம் சீக்கிரமே வந்து இறங்கியது. நல்ல இயந்திரம். அதன் மேலிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட எங்களைக் கழற்ற விடவில்லை. மந்திரி வந்து ரிப்பன் வெட்டி, அவர் கையால் சுவிட்சைப் போட்ட பிறகுதான் அது ஓடலாம் என்பது சேர்மன் உத்தரவு. மந்திரிக்குத் தேதி கிடைக்கவில்லை. ஆனால் வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை நடக்கிறது என்று காட்ட வேண்டுமே. அதனால் ரத்தத்தை மட்டும் எடுத்து எடுத்து, பின் அறையில் இருந்த பெரிய டீப் ஃப்ரீசரில் வைத்துக்கொண்டே வந்தோம். சோதனை செய்யும் இடத்தில், சோதனைக்கு நல்ல நாள் பார்த்துக்கொண்டு ரத்தம் உறைந்து கிடந்தது.

அந்த ஃப்ரீசருக்குள் போன முதல் டியூப் லோகுவினுடையது. உலையில் ஈயத்தைக் கரண்டியால் மொண்டு ஊற்றுகிற வேலை அவருக்கு. ஆள் வாட்டசாட்டம்தான், ஆனால் மணிக்கட்டு இரண்டும் தொங்கிப் போயிருந்தன. டீ கொடுத்தால் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து டம்ளரை ஏந்தித்தான் குடித்தார். வாயைத் திறக்கச் சொன்னேன். ஈறு ஓரத்தில் நீலக்கோடு. ஈயம் ஏறிய உடம்பின் அடையாளம் என்று பாடப் புத்தகத்தில் படித்ததை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

"குடிப்பியா குடிப்பியான்னு எல்லாரும் கேக்குறாங்கம்மா. நடந்தா தள்ளாடுது, கை ஆடுது, அதான். டீ குடிச்சாலே பாதி சட்டைல ஊத்திக்கிறேன். நான் எங்க போய் அதைக் குடிக்கிறது" என்று சொல்லிச் சிரித்தார்.

நான் ஊசி குத்தும்போது டாக்டர் இளமதி தன் செல்போனில் போட்டோ எடுத்தார். லோகு சிரித்துக்கொண்டிருந்தது அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. அடுத்த வாரமே அந்தப் போட்டோ ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸாகிக் கேட்டில் தொங்கியது. கீழே 'உங்கள் ஆரோக்கியம், எங்கள் அக்கறை' என்று எழுதியிருந்தார்கள்.

லோகு அடுத்த மாதமே செத்துப்போனார். வயிற்று வலி என்று சுருண்டவரைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். ஆள் கேட்டில் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். மையத்தில் யாருக்கும் அவர் செத்தது தெரியாது. யாரும் கேட்கவில்லை, நான் சொன்னதும் யார் காதிலும் ஏறவில்லை.

அவர் மனைவி செண்பகம் காரியம் முடிந்த கையோடு கம்பெனிக்குப் போய் நியாயம் கேட்டாள். உன் புருஷன் குடித்துக் குடித்துச் செத்தான், அதற்குக் கம்பெனி என்ன செய்யும் என்று ஆபீசில் சொல்லி அனுப்பினார்கள். அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. தெருவும் அதையே நம்பியது. தள்ளாடித் தள்ளாடி நடந்ததைப் பார்த்தவர்கள்தானே எல்லோரும். மகள் கிறிஸ்டினாவை, ஆமாம், செண்பகம் மாதா கோயிலில் வேண்டிக்கொண்டு வைத்த பெயர் அது, பள்ளிக்கூடத்தில் 'குடிகாரன் பொண்ணு' என்று கூப்பிட்டார்களாம். செண்பகம் கேஸ் போட்டிருந்தாள். லோகு உடம்பில் ஈயம் இருந்தது என்று ஒரு தாள் வேண்டும் என்று வக்கீல் சொன்னார். ஆள் இல்லை. அவர் ரத்தம் மட்டும் எங்கள் ஃப்ரீசரில் இருந்தது.

வேலை முடிந்து ரயிலுக்கு நடக்கும்போது வாரம் தவறாமல் வழியில் நிற்பாள்.

"இன்னா பாப்பா, ஆச்சா?"

"இன்னும் ரிப்பன் கட் பண்ணலக்கா."

"ரிப்பனுக்கும் அவுரு ரத்தத்துக்கும் இன்னாமா சம்பந்தம்?"

சம்பந்தம் இல்லை என்று எனக்கும் தெரியும். "பத்திரமா வெச்சிருக்கேங்க்கா. எத்தனை வருஷம் ஆனாலும் கெடாது" என்று சொல்வேன். அவள் தலையாட்டிக்கொண்டு போவாள். அந்த ஒரு டியூப்பை நம்பித்தான் அவள் தெருவில் தலை நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தாள்.

ஆயுத பூசை வந்தது. சிப்காட்டில் அது எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பொங்கலைவிடப் பெரிது அது. மிஷினை எல்லாம் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைப்பார்கள். கற்பூரம் காட்டியதும் எலக்ட்ரீஷியன் மெயின் சுவிட்சை இறக்குவார். வருடம் முழுக்க உழைத்த மிஷினுக்கு அன்று ஓய்வு. மறுபடி நல்ல நேரம் பார்த்து மெயினை ஏற்றுகிறவரை எதையும் ஓட்டக் கூடாது. என் வாப்பா கடையில் பொரியும் பொட்டுக்கடலையும் மூட்டை மூட்டையாகப் போவது அந்த வாரம்தான். என் தம்பி பைசல் வேலை பார்க்கிற கம்பெனியிலிருந்து வருகிற பொரிப் பொட்டலத்தைச் சின்ன வயதுச் சண்டை மாறாமல் இப்போதும் பிடுங்கித்தான் தின்போம்.

ஆனால் டாக்டர் இளமதி முதல் நாளே என்னைக் கூப்பிட்டார். முகத்தை மிகவும் இரக்கமாக வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு ஃப்ரைடே. உங்களுக்குப் பிரேயர் எல்லாம் இருக்கும் இல்ல, ஆரிபா? லீவு எடுத்துக்கோங்க. இங்க பூஜை. உங்களுக்கு அன்கம்ஃபர்ட்டபிளா இருக்கும்."

எனக்கு எது சங்கடம் என்று அவரே முடிவு செய்துவிட்டார். சரி, லீவுதானே என்று நானும் வந்துவிட்டேன். ஃப்ரீசரை அணைக்கக் கூடாது என்று ஆராய்ச்சி மையத்தின் இயக்குநருக்குச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்.

அன்று நடந்ததைப் பீட்டர் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் பழைய ஷெட்டில் எலக்ட்ரீஷியனாக இருந்து, அப்படியே மையத்துக்கும் வந்தவர். பின்னால் ஒரு அறையில் தங்கிக் காவலும் பார்த்துக்கொண்டார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் ஆயுத பூசைக்கு மெயினை இறக்குவது எப்போதும் அவர்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பூசைக்குச் சேர்மன் பட்டு வேட்டியில் வந்தார். பிளாஸ்டிக் உறை போட்ட இயந்திரத்துக்கு உறை மேலேயே பொட்டு வைத்தார்கள். ஃப்ரீசருக்கு மாலை போட்டு, கதவில் சந்தனத்தில் மூன்று விரலால் கோடு இழுத்தார்கள். கற்பூரம் காட்டியதும் சேர்மன், "எல்லா மிஷினும் இன்னைக்கு ரெஸ்ட் எடுக்கணும்" என்றார்.

மெயினுக்குப் போவதற்கு முன்னால் பீட்டர் அண்ணன் இளமதியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார். "மேடம், உள்ள அந்தப் பெரிய பொட்டி ஓடிக்கினு இருக்குதே. அதையுமா?"

இளமதி சேர்மன் முகத்தைப் பார்த்தார். சேர்மன் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும்னுதானே சார் சொன்னாங்க" என்றார் இளமதி.

பீட்டர் அண்ணன் மெயினை இறக்கினார். போட்டோ எடுத்தார்கள். பூசணிக்காய் உடைந்தது. மறுநாள் விஜயதசமிக்கே ஏற்றியிருக்கலாம். சனிக்கிழமை எதையும் ஆரம்பிப்பதில்லை என்று சேர்மன் சொல்லிவிட்டார். ஞாயிறு விடுமுறை. அதனால் திங்கட்கிழமை.

சாயங்காலத்திலிருந்து ஃப்ரீசரின் அபாய மணி கத்த ஆரம்பித்தது. அதற்குத் தனி பேட்டரி உண்டு. பீட்டர் அண்ணன் இளமதிக்குப் போன் செய்தார்.

"மேடம், பொட்டி கத்திக்கினே கீது. மெயினைப் போட்டுடட்டுமா?"

"சேர்மன் சார் சொல்லாம போடாதீங்க. நான் அவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாராம் இளமதி. கேட்கவில்லை. பண்டிகை நாளில் சேர்மனைத் தொந்தரவு செய்தால் அவர் முகம் எப்படி மாறும் என்ற கவலை. மணி மறுநாள் வரை கத்தி ஓய்ந்தது. அந்தக் கட்டடத்திலேயே தன் வேலையை ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை நான் பின் அறையைத் திறந்தபோது டைல்ஸ் எல்லாம் தண்ணீர். வாடிய சாமந்தி மாலை அதில் ஊறிக் கிடந்தது. ஃப்ரீசர் கதவைத் திறந்ததும் வீசிய நாற்றத்தை எழுதப் போவதில்லை. லோகுவின் டியூப்பை எடுத்துப் பார்த்தேன். கறுத்துத் திரிந்துபோயிருந்தது. நான் அழவில்லை. ஆத்திரத்தில் எனக்கு அழுகை வராது. அப்படியே இளமதியின் அறைக்குப் போனேன்.

"மேடம், கெட்டது ரத்தம்தான், ஈயம் இல்ல. ஈயம் எங்கயும் போகாது. உடம்புக்குள்ள போனா எலும்புல ஏறி வருஷக்கணக்கா உக்காந்துக்கும், டியூப்ல மட்டும் ஆவியாயிடுமா? அப்படியே சென்னை லேபுக்கு அனுப்பலாம். அவங்க பாத்துட்டுச் சொல்லட்டும்."

"கோல்டு செயின் பிரேக் ஆன, கூலிங் விட்டுப்போன சாம்பிளை யாரும் அக்செப்ட் பண்ண மாட்டாங்க, ஆரிபா."

"முடியாதுன்னு அவங்க சொல்லட்டும் மேடம். நம்ம ஏன் சொல்லணும்?"

"அனுப்பினா ஏன் கெட்டுப்போச்சுன்னு கேப்பாங்க." உண்மை அப்போதுதான் வெளியே வந்தது. "சேர்மன் சார்கிட்ட பேசிட்டேன். டிஸ்கார்ட் பண்ணிடலாம்னு சொல்லிட்டாங்க. ஃப்ரெஷ்ஷா ஒரு கேம்ப் போடுவோம். எல்லாரும் வந்து மறுபடி குடுக்கட்டும். ஆளுக்கு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் குடுக்கப் போறோம்."

"எல்லாரும் வருவாங்க மேடம். லோகு எப்படி வருவார்?"

"லோகு யாரு?"

ஜன்னல் வழியாகப் பார்த்தால் கேட்டில் அவர் ஆள் உயரத்துக்குத் தொங்குகிறார். நான் வெளியே வந்தேன். மதியம் மருத்துவக் கழிவு வண்டி வந்தது. எல்லா டியூப்பையும் மஞ்சள் பையில் கட்டி எரிக்கக் கொடுத்துவிட்டார்கள். மந்திரி கையால் இயந்திரத்தை ஓட்ட மாதக்கணக்கில் நேரம் பார்த்தவர்களுக்கு, இதைக் கொளுத்த அரை நாள் போதுமாக இருந்தது.

இதைக் கேட்ட சிலர், சேர்மன் வேண்டுமென்றே செய்திருப்பார், ஆதாரத்தை அழித்துவிட்டார் என்றார்கள். அவ்வளவு மூளை அவருக்கு இருந்தால் நான் மரியாதையாவது வைத்திருப்பேன். மெயினை இறக்கியது சதி இல்லை. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், ஒருவர் அந்த மூடிய கண்ணைப் பார்த்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார், அவ்வளவுதான். திருட்டுத்தனம் திங்கட்கிழமைதான் ஆரம்பித்தது.

செண்பகத்திடம் நான்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருந்தது. அன்று சாயங்காலம் வழக்கமான இடத்தில் நின்றாள். முழுக்கச் சொன்னேன். மாலை போட்டது, மெயினை இறக்கியது, மஞ்சள் பை, எல்லாம். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பொட்டு வெச்சி, ஆட்டைக் கொல்ற மாதிரியா கொன்னாங்க?" என்றாள். "எலும்புல இருக்கும்னு சொன்னியே அந்தம்மாகிட்ட. மெய்யாலுமே இருக்குமா?"

"இருக்கும்க்கா."

"மண்ணுக்குள்ள கெடந்தாலும்?"

"கெடந்தாலும்."

முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

மறுபடி ரத்தம் எடுக்கிற முகாமையும் திறப்பு விழாவையும் ஒரே நாளில் வைத்தார்கள். ரிசப்ஷனில் புதிதாகச் சேர்ந்த ஷைனி, பழைய வரிசைப்படி ஒவ்வொருவருக்கும் போன் செய்தாள். முதல் பெயர் லோகு. நான் பக்கத்து அறையில் ஊசிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்து எழுந்து ஓடுவதற்குள் பேசி முடித்துவிட்டாள்.

"யார் எடுத்தாங்க?"

"ஒரு லேடி. லோகு சார் வெறும் வயித்துல வரணும், ஒரிஜினல் ஆதார் எடுத்துனு வரணும்னு சொன்னேன். சரி, வந்துடுறோம்னு சொல்லிட்டாங்க" என்றாள் ஷைனி. பாவம், அவளை நான் எதுவும் சொல்லவில்லை.

விழா நாளில் மந்திரி வரவில்லை. கடைசி நேரத்தில் வேறு வேலை வந்துவிட்டதாம். அவருக்குப் பதிலாகக் கோட்டத்துச் சப் கலெக்டர் வந்தார். புதிதாகப் பதவிக்கு வந்த சின்னப் பெண். என் வயதுதான் இருக்கும். சேர்மனுக்கு முகம் செத்துப்போயிற்று. மந்திரிக்காக வாங்கிய ஆளுயர மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு பேர் அதைத் தூக்கிக்கொண்டே நின்றார்கள். சேர்மன் முகத்தைப் பார்த்து இளமதிக்கும் முகம் செத்தது. ஆனால் டி.வி.க்காரர்களை எல்லாம் மந்திரி பெயரைச் சொல்லி வரவழைத்துவிட்டார்கள். அவர்கள் கேமராவை நிறுத்தி வைத்துவிட்டார்கள், இனி எடுக்காமல் போக மாட்டார்கள்.

ரிப்பன் வெட்டினார்கள். பிளாஸ்டிக் உறையைக் கழற்றினார்கள். முதல் தொழிலாளியின் ரத்தத்தைச் சப் கலெக்டர் முன்னால் எடுப்பதாக ஏற்பாடு. நான் புது வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு ஊசியோடு நின்றேன். ஷைனி மைக்கில் கூப்பிட்டாள்.

"லோகு. லோகு வரவும்."

கூட்டத்தின் கடைசியிலிருந்து செண்பகம் எழுந்து வந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். கேட்டில் தொங்குகிற புருஷன் படத்தைத் தாண்டித்தான் உள்ளே வந்திருப்பாள். நேராக வந்து, எனக்கு முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கேமராக்கள் அவள் பக்கம் திரும்பின.

சப் கலெக்டர் குனிந்து கேட்டார். "நீங்களாம்மா லோகு?"

"இல்லம்மா. லோகு என் ஊட்டுக்காரரு."

"அவர் வரலையா?"

"வெறும் வயித்துல வரச் சொல்லிப் போன் பண்ணாங்க. அவுரு வெறும் வயித்துலதான் படுத்துனு கீறாரு. எழுந்து வரத்தான் முடியல."

"உடம்பு சரியில்லையா?"

"செத்துட்டாரும்மா. இதே ஷெட்டுல ஈயம் காய்ச்சினவரு. மொத ரத்தம் இங்க அவருதான் குடுத்தாரு. பூசை போட்டு கரண்ட்டை எறக்கி அதைக் கெட வெச்சிட்டாங்க. கெட்டதைக் கேக்கறதுக்குள்ள கொளுத்திட்டாங்க. இப்ப மறுபடியும் ரத்தம் வேணும்னு கூப்புடுறாங்க." அவள் குரல் ஏறவில்லை. ஆதார் அட்டையை மடியிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தாள். "ரத்தம் இருக்காதும்மா. எலும்பு கீது. ஏரிக்கரைல பொதச்சி வெச்சிருக்கோம். தோண்டி எடுத்துக்கினு பாருங்க. குடிச்சி செத்தாரா, இவங்ககிட்ட வேலை செஞ்சி செத்தாரான்னு தெரியட்டும். எனக்கு டிபன் பாக்ஸ் வேணாம்."

சேர்மன் சிரித்துக்கொண்டே நடுவில் வந்தார். "மேடம், இது ஒரு சின்ன ஃபேமிலி மேட்டர். நம்ம உள்ள போய்ப் பேசிக்கலாம். டிபன் ரெடியா இருக்கு."

மந்திரியாக இருந்தால் செண்பகத்தின் தோளைத் தட்டி, ஆவன செய்கிறேன் என்று சொல்லிவிட்டு டிபனுக்குப் போயிருப்பார். அதற்கெல்லாம் அனுபவம் வேண்டும். இந்தப் பெண்ணுக்கு அது இல்லை. அவர் இளமதி பக்கம் திரும்பி, "எலும்பில் தெரியுமா டாக்டர்?" என்று நேராகக் கேட்டுவிட்டார்.

இளமதி சேர்மன் முகத்தைப் பார்த்தார். அன்று அங்கே பார்ப்பதற்கு முகமே இல்லை. அது வெளுத்துப்போயிருந்தது. இவ்வளவு படித்த படிப்பு, ஒரு 'தெரியும்' சொல்ல வக்கில்லாமல் போயிற்று.

"தெரியும் மேடம்" என்றேன் நான். "சாவுற வரைக்கும் இருக்கும். செத்த பிறகும் இருக்கும்."

சப் கலெக்டர் பின்னால் நின்றவரிடம், "தாசில்தாரைக் கூப்பிடுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அத்தனை கேமராவும் அதை எடுத்துக்கொண்டது. கேமராக்களைக் காசு கொடுத்து வரவழைத்தது சேர்மன்தான்.

எனக்கு அன்று மாலையே வேலை போனது. போகட்டும். வாப்பா கடையில் மிளகாய்த்தூள் மடித்தாலும் இதைவிட மரியாதை. கேட்டில் தொங்கிய ஃப்ளெக்ஸை அவசர அவசரமாகக் கழற்றி எறிந்தார்கள். அப்போதுதான் அது யார் படம் என்று இளமதிக்கு விளங்கியிருக்கும்.

ஏரிக்கரையில் தோண்டிய அன்று நானும் போயிருந்தேன். அரசாங்க டாக்டர், தாசில்தார், போலீஸ் எல்லோரும் வந்திருந்தார்கள். பீட்டர் அண்ணன் சொந்தக் கடப்பாரையோடு வந்து, யாரும் கேட்காமலே முதல் மண்ணைப் பெயர்த்தார். "மெயினை எறக்கினவன் நான்தானே" என்று செண்பகத்திடம் சொன்னார். வேலை முடிந்ததும் அவள் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

சென்னையிலிருந்து முடிவு வர நாளாயிற்று. வந்தது. ஈயம் இருந்தது. ஒரு மனிதன் உடம்பில் இருக்கவே கூடாத அளவுக்கு இருந்தது. கேஸ் இன்னும் நடக்கிறது. சேர்மன் பெரிய வக்கீல் வைத்திருக்கிறார். மையமும் நீரூற்றோடு அப்படியே இருக்கிறது.

அந்தத் தாளை வாங்கிக்கொண்டு செண்பகம் முதலில் வக்கீலிடம் போகவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு தெருமுனை டீக்கடைக்குப் போனாள். லோகு தள்ளாடி நடந்ததைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லோரும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள், அன்றும் உட்கார்ந்திருந்தார்கள். தாளை என்னிடம் நீட்டினாள்.

"படி பாப்பா. கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கணும்."

நான் படித்தேன். இங்கிலீஷில் இருந்ததை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். ஒருவன் பாதியில் எழுந்து போகப் பார்த்தான்.

"குந்து" என்றாள் செண்பகம்.

அவன் உட்கார்ந்தான். நான் முடிக்கிற வரைக்கும் ஒருவரும் டம்ளரைத் தொடவில்லை.